சாய்த்து வைத்த கோல்

ஒரு முற்றத்தில் ஆளுயர மூங்கில் கோல் ஒன்று செங்குத்தாக நின்றது. அதன் உச்சிவேளை நிழல் ஆண்டிலேயே அதிகமாக நீளும் இடத்தில் ஒரு கல் பதித்திருந்தார்கள். நிழல் அதைத் தொட்டுவிட்டால் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று அர்த்தம்.

மார்கழி முதல் வாரத்தில் நிழல் கல்லைத் தொட்டது. நாலைந்து நாள் அங்கேயே நின்றுவிட்டுச் சுருங்கத் தொடங்கியது.

“சூரியன் திரும்பிடுச்சு!” என்று கத்தியது கோல்.

சன்னலில் தொங்கிய பஞ்சாங்கம் சிரித்தது. “சும்மா கிட, குச்சி. தை ஒண்ணாந்தேதிதான் திரும்பும். அச்சிலேயே இருக்கு.”

கோலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீ அச்சடிச்சா சூரியன் மூணு வாரம் காத்துக்கிட்டு நிக்குமா? ஆதியில உன்னை எழுதினவன் எதைப் பார்த்து எழுதினான்? என்னை மாதிரி ஒரு குச்சியோட நிழலைத்தானே! அப்புறம் ஒருநாளாவது வெயில்ல இறங்கிப் பார்த்தியா?”

“நான் எதுக்கு இறங்கணும்? என்னைத்தான் எல்லாரும் நம்புறாங்களே!”

தை முதல் நாள் உச்சிவேளையில் வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தோடு வந்தார். நிழல் கல்லுக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றது.

“நீங்களே பாருங்க, ஐயா!” என்றது கோல்.

அவர் நிழலைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார். “கோல்தான் சரியில்லை,” என்றார். நிழல் கல்லைத் தொடும்வரை கோலைச் சாய்த்து, அடிமண்ணை மிதித்து இறுக்கினார்.

“இப்பத்தான் நீ நேரா நிக்கிறே,” என்றது பஞ்சாங்கம்.

“நாளைக்கு நிழல் இன்னும் சுருங்குமே,” என்று சாய்ந்தபடியே கத்தியது கோல். “அப்போ என்னைத் தரையிலேயே படுக்கப் போடுவீங்களா?”