நனைந்த கம்பளி

"அந்தக் கம்பளியை எடுய்யா! அது என் குதிரை!"

பகிசோ போட்ட சத்தத்தில் கடை வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆண்களும் ஒரு குதிரையும் ஊர்த்தலைவி மாலிநெயோவின் முன்னால் நின்றார்கள். பின்னாலேயே பாதி ஊர். மலூட்டி மலையில் ஜூன்தான் நடுக்குளிர்காலம்; அந்தக் குளிரில் யாருக்கு என்ன வேலை? வழக்கு என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

காலையிலிருந்து ஈரப்பனி. குதிரையின் மேல் கிடந்த கம்பளி தொப்பலாக நனைந்து இரண்டு பக்கமும் சொட்டிக்கொண்டிருந்தது. குதிரையின் தொடை வெடவெடவென்று ஆடியது.

"முதல்ல நீங்க சொல்லுங்க," என்றாள் தலைவி.

"தாயே, என் பேரு லெபுசா. கீழ்நாட்டு ஆள். போன மாசம்தான் சந்தையில இவளை வாங்கினேன். நலேலின்னு பேரு வச்சிருக்கேன்."

"வாங்கின சீட்டு?"

"வீட்டுல இருக்கு. ரெண்டு கணவாய் தாண்டணும்."

"சாட்சி?"

"இந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும் தாயே? என் பொண்டாட்டி அவ அம்மா வீட்டுல நிறைமாசமா இருக்கா. இவ முதுகுல ஏத்தித்தான் மருத்துவமனைக்குக் கொண்டு போகணும். வழியில கடையில நின்னேன், இந்த ஆள் வந்து கயித்தைப் பிடிச்சுக்கிட்டான். குதிரை போச்சுன்னா அவ கதி என்ன?"

தலைவி பகிசோவைப் பார்த்தாள். மேல்மலையில் ஆடு மேய்ப்பவன். முரட்டு ஆள்.

"போன வருஷம் காணாமப் போன குதிரை தாயே. என்னுதுதான்."

"அடையாளம் என்ன?"

"அந்தக் கம்பளிக்கு அடியில இருக்கு. அதை எடுத்தாத்தானே காட்ட முடியும்?"

"எடுத்தா விறைச்சுச் செத்துடும்!" என்று லெபுசா குறுக்கே வந்து நின்றான். "நல்லா இருக்குய்யா உன் நியாயம்!"

யாரிடம் போகிறது என்று குதிரையை அவிழ்த்து விட்டுப் பார்த்தார்கள். அது இரண்டு பேரையும் மோந்து பார்த்துவிட்டுக் கடைக்காரரின் முட்டைக்கோசுப் பக்கம் போனது. கூட்டம் சிரித்தது. தலைவி சிரிக்கவில்லை.

"இன்னும் குளிர் ஏறப்போகுது. இந்தக் குதிரைக்கு என்ன பண்ணுவீங்க? ரெண்டு பேரும் சொல்லுங்க."

லெபுசா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நெஞ்சருகே கம்பளியில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, தான் போர்த்தியிருந்த அந்தக் கம்பளியையும் எடுத்துக் குதிரையின் மேல் போட்டான். அந்தக் காற்றில் வெறும் சட்டையோடு நின்றான். கூட்டமே "அடடா!" என்றது. தலைவி முன்னால் கம்பளி போர்த்தாமல் நிற்பது அவமரியாதை; யார் துணிவார்? பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஐயோ, மேல ஒண்ணு வேறயா!" பகிசோ தலையில் அடித்துக்கொண்டான். "தாயே, குதிரையை அவருக்கே குடுத்துடுங்க. எனக்கு வேண்டாம். அந்த ஈரத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"



"போதும்," என்றாள் தலைவி. "குதிரை போனாலும் போகட்டும், அது நடுங்கக் கூடாதுன்னு எவன் சொல்றானோ அவன்தான் சொந்தக்காரன். குதிரை பகிசோவுக்கு."

லெபுசா அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பகிசோ ஓடிப்போய் இரண்டு கம்பளியையும் உருவி எறிந்தான். பட்டியிலிருந்து காய்ந்த புல்லை அள்ளி வந்து கழுத்திலிருந்து வால் வரை முடியின் எதிர்ப்பக்கமாகத் தேய்த்தான். தேய்த்தான், தேய்த்தான், அவனுக்கே வேர்த்துவிட்டது. படிந்து கிடந்த முடி மெல்ல எழுந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் தொடையின் நடுக்கமும் நின்றது.

காற்று திரும்பியது. ஈரப்பனி போய்ப் பஞ்சுப் பனி விழ ஆரம்பித்தது. குதிரையின் முதுகு வெள்ளையாகிக்கொண்டே வந்தது.

"பாருங்க, பனி உருகக்கூட மாட்டேங்குது! உடம்புல சூடே இல்ல, செத்துடும்!" என்று லெபுசா அழுதான்.

"கையை உள்ளே விடுங்க," என்றான் பகிசோ.

லெபுசா பனியை விலக்கி முடிக்குள் விரல்களை விட்டான். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டியைத் தொட்டது போல இருந்தது.

"அம்மாடியோவ்!"

"முடி நிமிர்ந்து நிக்குது, உள்ளே இருக்கிற சூடு ஒரு துளி வெளிய வரலே. அதனாலதான் பனி உருகலே. ஈரக் கம்பளி முடியை அமுக்கிட்டா என்ன பண்ணும், பாவம்?"

ஒவ்வொருவராக வந்து கையை விட்டுப் பார்த்தார்கள். தலைவியும் தன் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். எடுக்கவே மனம் வரவில்லை. அத்தனை பனியையும் சுமந்துகொண்டு, மூக்கில் ஆவி பறக்க, நலேலி ராணி மாதிரி நின்றாள். பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது.

பகிசோ தன் கம்பளியைக் கழற்றி லெபுசாவின் தோளில் போட்டான். பிறகு குதிரையின் கயிற்றை அவன் கையில் வைத்தான்.

"கிளம்புங்க. இருட்டுறதுக்குள்ள கணவாயைத் தாண்டிடலாம். வீட்டுல காத்துக்கிட்டிருப்பாங்க."

"என்னய்யா விளையாடுறே?" என்றாள் தலைவி. "குதிரை உன்னுதுன்னு தீர்ப்புச் சொல்லியாச்சே!"

"பொய் சொன்னதுக்கு அபராத ஆட்டை நாளைக்கே ஓட்டிட்டு வந்துடறேன் தாயே. இந்தக் குதிரையை இன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்க்குறேன்."

அவன் லெபுசா பக்கம் திரும்பினான்.

"கடை வாசல்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஈரத்தை எடுங்கன்னு. 'உன் குதிரையா?'ன்னு கேட்டீங்க. அடுத்தவன் குதிரை மேல கை வைக்க முடியுமா? அதான், ஆமான்னுட்டேன்."