மாப்பிள்ளை இருக்கும்போது

வந்ததும் வராததுமாகக் கைப்பையைச் சோபாவில் வீசினாள் மகள்.

"அப்பா, உங்க ரிட்டயர்மென்ட் பணத்தை யாரோ வெளியாள் பேச்சைக் கேட்டுப் போட்டீங்களாமே, நிஜமா?"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பா. டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"ஆமாம்மா."

"ஃபீஸ் வேற அழுதீங்களாம்!"

"அவர் எதையும் விக்கிறதில்ல. எங்கே போடலாம்னு யோசனை மட்டும்தான் சொல்வார். அதுக்குத்தான் ஃபீஸ்."

"முதலீட்டுத் திட்டம் விக்கிற கம்பெனியில வீட்டு மாப்பிள்ளையே குத்துக்கல்லாட்டம் இருக்கார். ஓசியிலேயே சொல்லியிருப்பாரே!"

"சொந்தக்காரங்ககிட்ட பணத்தைக் கொடுத்தா, நாளைக்கு என்னாச்சுன்னு வாயைத் திறந்து கேக்க முடியாதும்மா."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நல்லா கேளுடி! நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். மனுஷன் காதுல வாங்கினாத்தானே!"

அம்மாவே கட்சி சேர்ந்துவிட்டாள். இனி விடுவாளா மகள்?

"இந்த மாசம் டார்கெட் முடிக்கலேன்னா அவருக்கு வேலையே போயிடும்ப்பா. சரியாச் சாப்பிடுறதில்ல, பேசுறதில்ல. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா எல்லாம் சரியாகியிருக்கும். அவர் மேல நம்பிக்கை இல்லேன்னு நேராவே சொல்லிடுங்களேன்!"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ரிமோட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை மேல எனக்கு நிறைய நம்பிக்கை உண்டும்மா."

"அடேயப்பா, தெரியுதே அந்த லட்சணம்!"

கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டும்போதே அழுகை வந்துவிட்டது.

"இனிமே அப்பா, அப்பான்னு இந்த வீட்டுப் படி மிதிச்சா என்னன்னு கேளுங்க."

அம்மா பின்னாலேயே ஓடினாள். அப்பா எழுந்திருக்கவில்லை.

வீட்டில் கணவன் சாவகாசமாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

அவன் சுவிட்சை அணைத்தான்.

"மாமாவை ஏன் திட்டினே? அந்த ஆலோசகர்கிட்ட அவரைக் கூட்டிட்டுப் போனதே நான்தான்."

"என்னது?"

"எங்க திட்டத்துல போட்டா அஞ்சு வருஷத்துக்குக் கைவைக்க முடியாது. அவசரம்னு நடுவுல எடுத்தா பாதிகூடத் தேறாது. லாபமெல்லாம் கம்பெனிக்கும், கமிஷன் வாங்குற எனக்கும்தான். வயசான காலத்துல மாமா யார்கிட்டப் போய்க் கை நீட்டுவார்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"இப்படி ஒண்ணைத்தான் விக்கிறேன்னு உனக்குத் தெரிய வேணாம்னு பார்த்தேன். மாமாகிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

மாப்பிள்ளைக்காக அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு கம்மென்று இருந்த அப்பா ஒரு பக்கம். வேலை போனாலும் பரவாயில்லை, மாமனார் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்த புருஷன் ஒரு பக்கம். இப்படிப்பட்ட மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"இப்பவே அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கிறேன்" என்று போனை எடுத்தவள், சட்டென்று நிறுத்தினாள். "அப்போ உங்க டார்கெட்?"

"அது காலையிலேயே முடிஞ்சிருச்சு" என்றான் அவன், சட்டையை ஹேங்கரில் மாட்டியபடி. "மாடி வீட்டு டீச்சர் மொத்தப் பணத்தையும் நம்மகிட்டேயே போட்டுட்டாங்க. அவங்களும் போன மாசம்தானே ரிட்டயர் ஆனாங்க."