நான்காம் பாகம்

'ரத்தவட்டம்' என்ற சண்டை விளையாட்டின் நான்காம் பாகத்துக்காக எட்வின் எட்டு வருடம் காத்திருந்தான். மூன்றாம் பாகத்தில் அவனை யாரும் வென்றதில்லை. தம்பி ரூபன் தினமும் தோற்றான். தோற்றவன் குனிந்து பிடரியைக் காட்ட வேண்டும், வென்றவன் ஓங்கி ஓர் அறை விடுவான். எட்வின் போட்ட சட்டம் அது.

புதிய பாகத்தில், அவன் வருடக்கணக்கில் விரல் தேயப் பழகியிருந்த அடிகளெல்லாம் ஒரே பட்டனுக்குள் வந்திருந்தன. யார் அழுத்தினாலும் விழுந்தன. ரூபனோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவனுடைய வீரன் மண்ணைக் கவ்வினான்.

"இதெல்லாம் ஒரு ஆட்டமாடா? கெடுத்து வச்சிருக்கானுங்க," என்றான் எட்வின்.

"குனி அண்ணே."

எட்வின் சிரித்துப் பார்த்தான். தம்பி சிரிக்கவில்லை. எட்வின் குனிந்தான். அறை விழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இந்தக் கை எப்போது இவ்வளவு கனத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"போதும்டா. பழைய பாகத்தையே போடலாம்."

"எதுக்கு? எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றான் ரூபன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னிக்கு லீவுதானே. உன் வீரனை எடு."