ஒஹாயோவுக்காகப் பேசியவர்

எழிலரசியின் கை மேசைக்கு அடியில் தயாராக இருந்தது.

மார்க் நாலுக்கு நாலு. கடைசியாகப் பேசப்போகிறவர் வைத்திலிங்கம். அவர் வாயிலிருந்து ஒரு தமிழ் வாக்கியம் விழுந்தால் போதும்.

சிதம்பரம் மேலவீதியில், துணிக்கடை மாடியில் நடக்கும் அந்த மாலை நேர ஆங்கில வகுப்பின் விதி அது. விவாதத்தில் யாராவது தமிழுக்குத் தாவிவிட்டால் எதிரணி கையைத் தூக்கலாம். தூக்கினால் ஒரு மார்க். தாவியவர் அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

இன்றைய தலைப்பு, அமெரிக்கன் ஃபுட்பாலில் எந்த மாநிலத்தின் பாரம்பரியம் பெரியது என்பது. தலைப்பைக் கொடுத்ததே புதுச்சேரியில் இருக்கும் ஒரு கம்பெனிதான். அமெரிக்க விளையாட்டுச் சேனல் பார்ப்பவர்களோடு போனில் பேசும் வேலை. ஜெயிக்கிற அணித் தலைவரின் பெயரை மட்டும் வகுப்பு நடத்தும் லோகநாயகி மிஸ் நேர்காணலுக்கு அனுப்புவார்.

எழிலரசி டெக்சாஸ் அணித் தலைவி. காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் ஒன்பது குறிப்புகள் எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்து, அப்படியும் நம்பிக்கை வராமல் ஒன்றை அடித்திருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவதற்கே பதினைந்தாயிரம் பேர் உட்காரும் மைதானங்கள் அங்கே உண்டு என்றாள். எதிரணித் தலைவன் கதிரவன், தொழில்முறை அணிகளின் சங்கமே ஒஹாயோவில்தான் பிறந்தது என்றான். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. மார்க் சமமாக நின்றது.

கதிரவனுக்குத் துணையாக வாய்த்தவர்தான் வைத்திலிங்கம். சேத்தியாத்தோப்புக்காரர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வயதில் எதற்கு இங்கிலீஷ் என்று யார் கேட்டாலும், வீட்டில் பொழுது போகவில்லை என்பார். நாலு மாதமாக வருகிறார். மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை தமிழுக்கு வந்துவிடுவார்.

“மாமா, ரெண்டே வரி. சொல்லிட்டு உக்காந்துடுங்க. கம்பத்துல ஏறுற வேலயில்ல இது,” என்றான் கதிரவன்.

“சரி மாப்ள.”

வைத்திலிங்கம் எழுந்து நின்றார். ஒஹாயோவில் சின்னச் சின்ன ஊர்கள் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே மைதானத்துக்கு வந்துவிடும். ஆடுகிற பையன்களின் அம்மாக்கள் வாசலில் நின்று காப்பி விற்பார்கள்.

இந்தக் குறிப்பு தன் தாளில் இல்லையே என்பது போலக் கதிரவன் நிமிர்ந்து பார்த்தான்.

ஒரு பையன் விழுந்தால் ஆட்டம் நிற்கும் என்றார் வைத்திலிங்கம். இரண்டு அணிப் பையன்களும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்காருவார்கள். யாரும் பேச மாட்டார்கள். விழுந்தவன் எழுந்ததும் எதிரணிக்காரர்களும் சேர்ந்து கைதட்டுவார்கள்.

இவ்வளவும் ஆங்கிலத்திலேயே வந்தது. எழிலரசி மார்க்கைப் பார்த்தாள். தோற்றுவிடுவோமோ?

வைத்திலிங்கம் சன்னலைப் பார்த்தார்.

“அன்னிக்கி எழுந்திரிக்கல,” என்றார்.

எழிலரசியின் கை மேலே போய்விட்டது. கை போன பிறகுதான் அவர் சொன்னது காதில் ஏறியது.

மிஸ்ஸும் பழக்கத்தில் பலகையில் டெக்சாஸுக்கு ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பினார்.

வைத்திலிங்கம் விதியை மறக்கவில்லை. அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னார். நாலு மாதத்தில் அவர் இப்படிப் பிழையில்லாமல் ஒரு வாக்கியம் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“யாருங்க ஐயா?” மிஸ்ஸின் குரல் இறங்கியிருந்தது.

“பேரன். பதினாறு வயசு. எம் பையன் அங்க போயி அங்கயே கல்யாணம் பண்ணிக்கிட்டான். மருமகளுக்குத் தமிழ் தெரியாது. ஞாயித்துக்கெழமயானா போன் பண்ணி அழுவுது. நான் ஓகே, ஓகேன்னுகிட்டே இருக்கேன். வேற ஒண்ணும் வரல.”

தூக்கிய கையை என்ன செய்வதென்று எழிலரசிக்குத் தெரியவில்லை. அதை இறக்கிப் பேனாவை எடுத்தாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

“என்ன சொல்லணும் ஐயா, தமிழ்ல சொல்லுங்க. நான் எழுதித் தரேன்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அழுவாதன்னு சொல்லக் கூடாது பாப்பா. அழுவும்மா, நான் கேட்டுகினுதான் இருக்கேன், அப்படின்னு. ஆனா சும்மா வாய் வார்த்தன்னு அதுக்குப் படக் கூடாது.”

நேர்காணலுக்குப் போகப்போகிற எழிலரசி ஒரு வரி எழுதினாள். வாசித்துப் பார்த்தாள். பிழை எதுவும் இல்லை. அடித்தாள். இன்னொரு வரி எழுதினாள். அது வங்கியிலிருந்து வரும் கடிதம் போல இருந்தது. அதையும் அடித்தாள்.

கதிரவன் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பேனாவை அவளிடமிருந்து வாங்கினான்.

அவனுக்கும் வரவில்லை.