வளைவில் ஒரு கொடி

ரயில் யார்டில் வேகன்களைப் பின்னால் தள்ளும்போது, வளைவில் கொடி கண்ணுக்கு மறைந்தால் டிரைவர் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். அதனால் கடைசி வேகனில் தொங்கிவரும் பாயிண்ட்ஸ்மேன் சூசை, டிரைவர் வேலப்பனுக்குத் தெரியட்டும் என்று உடம்பை நன்றாக வெளியே சாய்த்துத்தான் கொடி காட்டுவான். அன்றும் சாய்ந்தான். பாதையோரக் கம்பம் அவனை அடித்துத் தள்ளியது. கொடி மறைந்த நொடியே வேலப்பன் நிறுத்தினார். விதிப்படி எல்லாம் சரி.

அடக்கத்துக்குப் பிறகு இன்றுதான் அவர் சூசையின் தெருவுக்கு வந்தார். வாசலில் நின்ற சூசையின் மகள், அப்பா கொடி காட்டுவதைப் போலவே கையை மெல்ல மேலும் கீழும் அசைத்து, "வாங்க மாமா" என்றாள். அவர் தெருவிலேயே நின்றுவிட்டார். முருங்கை மரம் தன்னை மறைக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, கேட் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்தாள்.

"இப்பத் தெரியுதா மாமா?"