சுவர் ஏன் கோணியது?

படகுத்துறைப் படிக்கட்டின் மேல்படியில் ஊருக்குப் புதிதாய் மாற்றலாகி வந்த பொறியாளர் உட்கார்ந்திருந்தார். கீழ்ப்படியில் அவர் மனைவி. எதிரே குடையோடு நின்றிருந்தாள், பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிப் பெண். அவளுக்குப் பின்னால் துறைமுகக் கிடங்கு. அதன் சுவர் அலைபோல் நெளிந்திருந்தது.

"இதை முதல்ல இடிக்கச் சொல்லணும்" என்றார் பொறியாளர்.

"ஐயையோ! அது காதல் கோணல் சார்" என்று பதறினாள் வழிகாட்டி. "எதிர்மாடியில துணி காயப்போட்ட பொண்ணையே பார்த்துக்கிட்டு கொத்தனார் செங்கல் வெச்சார். அவ இந்தப் பக்கம் நகர்ந்தா சுவரும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம்."

மனைவி உருகிப்போனாள். "நீங்களும் இருக்கீங்களே! எனக்காக ஒரு கோடாவது கோணலா போட்டிருக்கீங்களா?"

பொறியாளர் அசடு வழிய எழுந்துபோய்ச் சுவரைத் தட்டினார். கிண்ணென்று இருந்தது. "சுண்ணாம்புக் கட்டு. நூறு வருஷம் இருக்குமா?"

"பார்த்தா அப்படித்தாங்க இருக்கு."

'சுவரைத் தொடக் கூடாது' என்று கிடங்கு வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரருக்கு அங்கேயே எழுதி உறையில் போட்டார்.

"குடுங்க சார், சேர்த்துடறேன். என் வீட்டுக்காரர் அவர்கிட்டதான் கொத்தனார். போன வருஷம் இந்தச் சுவரைக் கட்டினப்போ..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பொறியாளர் சுவரைப் பார்த்தார். எதிர்மாடியைப் பார்த்தார். "அப்போ அந்தத் துணி?"

"எங்க அம்மா வீட்டுத் துணிதாங்க. காயப்போட்டது நான்தான். சுவரை இடிச்சா அவர் வேலையும் போயிடும் சார்."

"உறையைக் கிழிச்சீங்க, அப்புறம் இருக்கு!" என்றாள் மனைவி.

பொறியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, வழிகாட்டியின் கையில் கொடுத்தனுப்பினார்.