மூன்று தொப்பிகளும் ஒரு நாயும்

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நூறு பேர் ரயில் ஏறணும், மிஸ்டர் கிம்பர். ஒண்ணு குறைஞ்சாலும் ஸ்டேஷனுக்குப் பூட்டுதான். ஒரே ஆள் பத்துத் தடவை ஏறினாலும் கணக்கு ஒண்ணுதான்!"

தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் எண்ண வந்த பெட்டிஃபர் கறாராகச் சொல்லிவிட்டு, நோட்டும் பென்சிலுமாக நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன் போனா ஊரே போயிடும் சார்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் கிம்பர்.

பெட்டிஃபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லண்டன் ஓரத்தில் இருக்கும் பிராம்ப்ளி கார்னரில் முதலில் வந்ததே ஸ்டேஷன்தான். வெறும் வயல் நடுவில் அதைக் கட்டினார்கள். அப்புறம்தான் அதைச் சுற்றி வீடுகள் முளைத்தன. எண்பது வருஷமாயிற்று. இப்போது வீட்டுக்கு வீடு கார். ஒரு நாளைக்கு முப்பது பேர் ஏறினாலே பெரிய விஷயம்.

ஆனால் அன்று காலை ஏழு மணி வண்டிக்கே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்!

கிம்பர் கண்ணைக் கசக்கிப் பார்த்தார். துவைத்த துணியெல்லாம் ரயில் புகையில் கரியாகிறது என்று இருபது வருஷமாகச் சண்டை பிடிக்கும் டாபின்கூட நின்றார்.

"நீங்களா? எங்கே போறீங்க?"

"எங்கேயோ போறேன், உமக்கென்ன? நான் சண்டை போட ஒரு ஸ்டேஷன் வேணாமாய்யா?"

மதியம் கிழவி ஹெப்வொர்த் கைத்தடியோடு வந்தாள். 1916-இல் இதே நடைமேடையில் புருஷனைப் போருக்கு வழியனுப்பியவள். அவன் திரும்பவில்லை, அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வந்ததேயில்லை. இன்று நிமிர்ந்து நின்று, "ஒரு டிக்கெட் குடுப்பா" என்றாள். கிம்பருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடேயப்பா, இந்தக் குட்டி ஸ்டேஷனுக்கு இத்தனை பேரா!

ஆறு மணி. நோட்டில் சரியாக நூறு.

"அந்த அம்மாவைக் கூப்பிடுங்க" என்றார் பெட்டிஃபர்.

கடைசி வண்டியில் ஏறப்போன மிஸஸ் விங்கேட் இடுப்பில் நாயோடு வந்து நின்றாள்.

"காலைல நீலத் தொப்பி, மத்தியானம் வைக்கோல் தொப்பி, இப்போ இறகு வெச்ச தொப்பி. தொப்பி மாறிச்சு மேடம், நாய் மாறலையே! மூணு தடவை எண்ணியிருக்கேன். ரெண்டை அடிச்சா தொண்ணூத்தெட்டு."

கிம்பருக்கு உயிரே போனது.

"இத்தனை பேரையும் கூட்டிட்டு வந்தது யாரு?" என்றார் பெட்டிஃபர்.

"நான்தான்! ஒரு வாரமா வீடு வீடாப் போய் டீ குடிச்சேன். ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லலை. ஜெயில்ல போடணுமா? போடுங்க, நாயும் கூட வரும்."

"ஒரே வாரத்திலயா? ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? முதல்ல யார் வீட்டுக்குப் போனீங்க?"

அவள் சொன்னதையெல்லாம் அவர் வேறொரு பக்கத்தில் எழுதிக்கொண்டார். தொலைந்தது, அறிக்கையில் எல்லாம் ஏறப்போகிறது என்று கிம்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

பெட்டிஃபர் 'நூறு' என்பதன் கீழே அழுத்தமாகக் கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், வர்ற செவ்வாய்க்கிழமை எங்க ஊர் ஸ்டேஷன்ல எண்ணறதுக்கு வேற ஆள் வர்றார். இவங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுங்க... நாயை மட்டும் வீட்டிலேயே விட்டுடுங்க."